எழுதாமல் விட்ட கட்டை

முப்பத்து நான்கு வருடம் சங்ககிரியில் லாரிப் பட்டறை ஒன்றில் பிரேக் வேலை பார்த்தேன். அத்தனை வருடத்தில் என் வேலையால் ஒரு ஆளுக்கும் அடி பட்டதில்லை. ரிட்டயர் ஆன பிறகுதான் பட்டது. அதுவும் நான் அந்தக் காரைத் தொடவே இல்லை. அது நின்றிருந்த தெருவை அதுவரைக்கும் பார்த்ததுகூட இல்லை.

போன ஆயுத பூஜைக்குப் பட்டறையில் கூப்பிட்டிருந்தார்கள். பொரிகடலையைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்கண்ணா" என்றார்கள். தொப்பூர்க் கணவாயில் பிரேக் சூடாகி நின்ற லாரியின் கதையைச் சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு வருடம் நட்டு கழுவினேன், அடுத்த மூன்று வருடம் திட்டு வாங்கினேன், அதற்கப்புறம் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மைக் கழற்ற விட்டார்கள். ஆனால் எங்கள் அங்கமுத்து மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மேஸ்திரி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் வரிசையாக நிற்கும் லாரிகளின் பக்கம் ஒரு நடை போவார். ஒவ்வொரு வண்டியிலும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை இடது காலால் இரண்டு தடவை உதைப்பார். கட்டை கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும். ஆனாலும், "கட்டை?" என்று கேட்பார். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன், "வெச்சாச்சுங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த வண்டிப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். யாரும் ஸ்பேனரைத் தொட முடியாது. ஊரில் எந்தக் காரியத்துக்கும் முட்டுக்கட்டை போடுகிறவனைத் திட்டுவார்கள். எங்கள் பட்டறையில் போடாதவனைத்தான் திட்டுவோம்.

ஒருமுறை கட்டை கிடைக்கவில்லை என்று நான் ஒரு செங்கல்லை வைத்துவிட்டேன். மேஸ்திரி குனிந்து அதை எடுத்தார், இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கீழே போட்டார். இரண்டாக உடைந்தது.

"செங்கல் சொல்லாம உடையும் சாமி. மரம் முனகிட்டுத்தான் உடையும். அந்த முனகல்ல நீ காலை எடுத்துக்கலாம்."

அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. கருவேல மரத்துண்டை இழைத்து எட்டுக் கட்டை செய்தேன். அதற்குப் பிறகு கட்டை வைப்பது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது மாதிரி கை தானாகச் செய்யும். வினை அங்கேதான் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். "லாரி போதாதுன்னு இதுவேறயா?" என்றாள் வீட்டில். முப்பத்து நான்கு வருடம் டீசல் வண்டியோடு கிடந்தவனுக்குப் பெட்ரோல் வண்டி பிடிபடவில்லை. காலையில் ஜம்மென்று கிளம்பும். ஐந்து கிலோமீட்டர் போய்ச் சூடேறியதும் நடுரோட்டில் நின்றுவிடும். நான் வேலை பார்த்த பட்டறை வாசலிலேயே ஒருநாள் நின்றது. மானம் போயிற்று.

என் மகள்தான் போனில் பழைய கார் பிரியர்களின் குழு ஒன்றில் சேர்த்துவிட்டாள். முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். குழுவை நடத்துகிறவர் ஆட்டையாம்பட்டியில் நூல் கடை வைத்திருக்கும் சுமதி. நிறையப் பேர் சொந்தப் பெயரில் வரமாட்டார்கள். என் மகள் எனக்கு 'பிரேக் சின்னுசாமி' என்று பெயர் வைத்தாள். என் கேள்விக்கு முதலில் பதில் எழுதியவரின் பெயர் 'சோதனைக்குழாய்'. இது என்னடா பெயர் என்று சிரித்தேன்.

அவர் பதில் பதினான்கு வரி. கண்டென்சர் என்ற சின்ன உருளைதான் சூட்டில் படுத்துக்கொள்கிறது, மாற்றுங்கள் என்பதுதான் விஷயம். ஆனால் முதல் வரி: "சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும்." இரண்டாவது: "பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றவும்." மூன்றாவது: "மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றி வைக்கவும்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, அடுத்து மூச்சு விடவும்னு எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பள்ளிக்கூட லேப்ல அதையும் எழுதி ஒட்டியிருக்கேங்கண்ணா, ஆசிட் பக்கத்துல மூச்சை இழுக்காதீங்கன்னு" என்று பதில் வந்தது.

திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்னபடி செய்தேன். கார் நாமக்கல் வரை நிற்காமல் போய்வந்தது. அந்தக் குழுவில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. கார்புரேட்டரைத் திறக்க, பிளக்கின் நிறத்தைப் பார்த்து இன்ஜினின் உடம்பைச் சொல்ல, எல்லாம் முகம் தெரியாதவர்கள் சொல்லித் தந்தது. சும்மா வாங்கிக்கொண்டே இருக்கக் கூச்சமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது பிரேக். யார் பிரேக்கைப் பற்றிக் கேட்டாலும் நான் எழுத ஆரம்பித்தேன். மெல்ல மெல்லக் குழுவில், "பிரேக்னா சின்னுசாமி அண்ணனைக் கேளுங்க" என்று ஆயிற்று. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒருநாள் சோதனைக்குழாயே கேட்டார். "அண்ணா, என்ற கார்ல ஹேண்ட் பிரேக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்தாத்தான் நிக்குது. எங்க ஊட்டு வாசல் வேற சரிவு. நானே சரி பண்ண முடியுமுங்களா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னை நடுரோட்டு அவமானத்திலிருந்து காப்பாற்றிய மனிதர் என்னிடம் கேட்கிறார். உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதினேன். நட்டு தளர்த்துவது, ஜாக்கி ஏற்றுவது, பின் சக்கரத்தைக் கழற்றுவது. ஆறாவது வரி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வரவும். ஏழாவது வரி, ஹேண்ட் பிரேக்கை முழுசாக விடவும். இரண்டும் விட்டால்தான் டிரம் கையோடு சுற்றும், உள்ளே டிரம்மைப் பிடிக்கும் பிரேக் ஷூவை அளவாக நெருக்க முடியும். லாரியானாலும் காரானாலும் இந்த வழிதான். எழுதியதை இரண்டு தடவை படித்தேன். குறையே தெரியவில்லை. சுமதி அதைக் குழுவின் தலையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நான்கு பேர். போனை எடுத்துப் பார்த்தேன். சோதனைக்குழாய் பத்து நிமிடம் முன்னால் ஒரு படம் போட்டிருந்தார். "அஞ்சு வரி முடிஞ்சுதுங்கண்ணா. சக்கரம் கழட்டியாச்சு. அடுத்து ஆறாவது."

படத்தைப் பெரிசாக்கினேன். காரின் பின்பக்கம் தெருவைப் பார்த்து நிற்கிறது. வாசல் சரிவு என்றால் அப்படி ஒரு சரிவு. திருச்செங்கோட்டு மலையடிவாரத் தெரு அல்லவா, தெரு மேலே இருந்து கீழே விழுகிறது. காருக்குப் பின்னால் சரிவில் ஒரு குழந்தையின் சின்ன சைக்கிள் சாய்த்து வைத்திருக்கிறது. சக்கரம் கழற்றிய பக்கம் ஜாக்கி. முன் சக்கரத்துக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் பெரிசாக்கினேன். ஒற்றைச் செங்கல்.

என் பன்னிரண்டு வரியை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். கட்டை இல்லை. எந்த வரியிலும் கட்டை இல்லை. என் கை முப்பத்து நான்கு வருடமாகத் தானாகச் செய்துகொண்டிருந்ததை நான் எழுதவே இல்லை. சரிவு என்று அவர் சொல்லியிருந்தார், அதையும் படித்துவிட்டு எழுதவில்லை. பட்டறையில் இருந்தவனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இவர் பட்டறையில் இருந்தவர் இல்லையே.

"ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீங்க. செங்கல் ஆகாது. எந்திரிச்சுத் தள்ளி வாங்க" என்று அடித்தேன். எழுத்தெல்லாம் தாறுமாறாக விழுந்தது. செய்தி போய்ச் சேர்ந்தது. படித்த அடையாளம் வரவில்லை. சுமதியைக் கூப்பிட்டு அவர் நம்பரைக் கேட்டேன். கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கறிக்கடைக்காரர், "அண்ணா, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்டது காதில் விழுந்தது. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுபடி சுமதியைக் கூப்பிட்டேன்.

"அவரு ஊடு எங்கீங்க இருக்குது? உங்களுக்குத் தெரியுமா?"

"போன மாசம் அவருக்கு ஒரு சாமான் பார்சல் அனுப்பினேனுங்க, அட்ரஸ் இருக்குது. என்ன ஆச்சுங்கண்ணா?"

"நான் ஒரு வரி எழுதாம உட்டுட்டேன் அம்மிணி."

அவர் மேலே கேட்கவில்லை. "நான் அவருக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க கெளம்புங்க" என்றார்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு ரொம்ப தூரமில்லை. அன்றைக்கு முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த மனுசர் எழுதிக் கொடுத்த பதினான்கு வரியால் ஓடுகிற காரில்தான் போனேன். வழியில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் இரண்டு ஆடி அசைந்து முன்னால் போயின, தாண்ட வழியில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். அந்தச் சின்ன சைக்கிள் கண்ணை விட்டுப் போகவில்லை. அதை ஓட்டுகிற குழந்தை எங்கே இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருக்கும்? அப்பா வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்குமே? மலைக் கோபுரம் தெரிந்ததும் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று நினைவில்லை.

தெருவைக் கண்டுபிடித்துத் திரும்பியபோதே கும்பல் தெரிந்தது. கார் சரிவில் பாதி தூரம் இறங்கி, டிரம் தரையில் உரசிக் குறுக்காக நின்றிருந்தது. ஜாக்கி சாய்ந்து கிடந்தது. பின் பம்பருக்கு அடியில் அந்தச் சைக்கிள், முன் சக்கரம் வளைந்து மாட்டியிருந்தது. இறங்கி ஓடினேன்.

"குழந்தை?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"பாப்பா டியூஷனுக்குப் போயிருக்குதுங்க. குணாவுக்குத்தான் கால் மாட்டிக்கிச்சு. நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கித்தான் எடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நீங்க யாருங்க?"

அவர் பெயர் குணசேகரன் என்று அப்போதுதான் தெரிந்தது. காரின் முன் சக்கரம் முதலில் நின்றிருந்த இடத்தைப் பார்த்தேன். செங்கல் மூன்று துண்டாகிச் சிவப்புப் பொடி சரிவில் ஓடியிருந்தது. அது முனகியிருக்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி மல்லிகா உட்கார்ந்திருந்தார். உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, இடது பாதத்தில் எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மல்லிகா கையில் கிரீஸ் பட்ட காகிதம் ஒன்று மடித்து இருந்தது. என் பன்னிரண்டு வரிகளைக் குணசேகரன் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியை முடித்ததும் பென்சிலால் ஒரு டிக் அடித்திருந்தார், லேப்காரர் அல்லவா. ஆறு வரிக்கு டிக் இருந்தது. ஏழாவதில் இல்லை.

"நீங்க யாருங்க?" என்று மல்லிகாவும் கேட்டார்.

"இதை எழுதினவன் நான்தான் அம்மிணி. சக்கரத்துக்கு மரக்கட்டை வைக்கணும்னு ஒரு வரி இருக்கணும். எழுதாம உட்டுட்டேன்."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த ஒரு வரி எழுத எத்தனை நேரமுங்க ஆகியிருக்கும்?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அன்று மத்தியானமே குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பன்னிரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். அதைப் பார்த்து வேறு யாராவது செய்திருந்தால் உடனே சொல்லுங்கள் என்று கேட்டேன். எருமப்பட்டியிலிருந்து ஒருவர் போன வாரமே செய்ததாக எழுதினார். சமதரை, ஒன்றும் ஆகவில்லை என்றார். சிலர், "உங்க மேல என்னங்க தப்பு, செங்கல் வெச்சது அவருதானே" என்று ஆறுதல் சொன்னார்கள். குணசேகரனே ஆபரேஷன் முடிந்து அதைத்தான் சொன்னார்.

"நீங்க எழுதலைன்னாலும் சரிவா இருக்குதேன்னு நானா வெச்ச செங்கல்லுங்கண்ணா அது. அதுக்கு நீங்க எப்படிப் பொறுப்பாவீங்க?"

அதுதான் என்னை ரொம்பச் சுட்டது. நான் சொல்லாமலே அவருக்கு அந்த யோசனை வந்திருக்கிறது. செங்கல் ஆகாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். மேஸ்திரி என் கண் முன்னால் உடைத்துக் காட்டியிருக்கிறார்.

அவர் வீடு திரும்பியதும், அந்த வரிகளைத் திருத்தி எழுத வேண்டும், கூட இருங்கள் என்று கேட்டேன். ஞாயிறுதோறும் போனேன். அடிபட்ட காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு நோட்டோடு உட்காருவார். நான் ஒரு வரி சொன்னால், "அதுக்கு முன்னாடி என்னங்க செய்வீங்க?" என்பார். ஒன்றும் இல்லை என்பேன். "கண்ணை மூடிக்கிட்டுப் பட்டறையில நிக்கறதா நினைச்சுச் சொல்லுங்கண்ணா" என்பார். அப்படி நினைத்தால் கை எதையோ செய்துகொண்டிருக்கும். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்துக் காருக்கு அடியில் தள்ளுவது, ஜாக்கி தவறினாலும் கார் அதன்மேல் உட்காரும் என்பதற்காக. சரிவில் கார் இருந்தால் முதலில் சமதரைக்குக் கொண்டு போவது. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் வேலையைத் தொடங்காமல் இருப்பது. ஒன்றொன்றாக வந்தன. எனக்குத் தெரிந்த வேலையை எனக்கே அவர்தான் காட்டினார். பன்னிரண்டு வரி முப்பத்தொன்று ஆயிற்று.

கருவேலங்கட்டையில் நான்கு முட்டுக்கட்டை செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மல்லிகா வாங்கி உள்ளே வைத்தார். நான் போகும்போதெல்லாம் காபி மட்டும் வரும். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டதில்லை. அதனால் அது அடங்கிப் போயிற்று என்று நான் நினைத்துக்கொள்ளவும் இல்லை.

சில மாதம் கழித்துக் குணசேகரன் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கத் தொடங்கினார். நின்றுபோன வேலையைத் தானே முடிக்கப் போவதாகக் குழுவில் எழுதினார். காரைத் தெருக்கோடியில் இருக்கும் சமதரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். நான் வாரேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

"நீங்க வந்து நின்னா எழுத்து சரியா இருக்குதான்னு எப்படிங்கண்ணா தெரியும்? படிச்சுச் செஞ்சு பார்க்கோணும். அதுதான் சோதனை."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கறிக்கடைக்குப் போகவில்லை. போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் குழுவில் ஒரு டிக் வந்து விழுந்தது. முந்நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்றாவது வரிக்கு டிக் வந்தது. இருபத்திரண்டாவது வரி, ஹேண்ட் பிரேக்கை விடவும்.

"கட்டை?" என்று எழுதினேன்.

பதில் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. வீட்டில் என்னமோ கேட்டாள், என்னவென்று புரியவில்லை. காரை எடுக்கலாமா என்று எழுந்தே விட்டேன். அப்போது குணசேகரன் போனிலிருந்து வந்தது.

"வெச்சாச்சுங்க. அவரு இல்லீங்க, நான் மல்லிகா. ரெண்டு பக்கமும் நான்தான் வெச்சேன். காலால உதைச்சும் பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை உதைச்சுருங்க அம்மிணி. எங்க மேஸ்திரி ரெண்டு தடவை உதைப்பாருங்க" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "மூணு தடவை உதைச்சேனுங்க."